சுலப வழிக்காரரும் ஏழடி மரமும்

உலகத்தில் சோம்பேறிகள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை, படுத்த இடத்தில் படுத்திருப்பார்கள். உழைப்பாளிகள் என்று இன்னோர் இனம் உண்டு. அவர்களாலும் தொல்லை இல்லை, தம் பாட்டுக்கு உழைத்துக்கொண்டிருப்பார்கள். நான் இங்கே அறிமுகப்படுத்த விரும்புவது இந்த இரண்டுக்கும் நடுவே முளைத்த மூன்றாவது இனத்தை. கால் மணி நேர வேலையைத் தவிர்ப்பதற்காக நான்கு நாள் வியர்வை சிந்துகிறவர்கள். எந்த வேலையைக் கண்டாலும் அதைச் செய்யாமல், அதைச் செய்ய இன்னும் எளிய முறை என்ன என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டு, அந்த முறைக்கு வேண்டிய கருவிகளை வாங்கி, அந்தக் கருவிகளை மாட்ட ஆணி அடித்து, ஆணி அடித்த சுவரில் விழுந்த விரிசலை அடைக்க சிமெண்ட் குழைத்து, கடைசியில் முதலில் செய்ய வேண்டியிருந்த வேலை என்ன என்பதையே மறந்துபோகிறவர்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சுலப வழிக்காரர்.

இவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் ஊருக்குப் போக ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், கயிற்றின் கடைசி முடிச்சு விழப்போகிறது, அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்: "அப்படியே வை. தொடாதே. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு." அவர்தான். இரண்டடி பின்னால் போவார். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ஒரு கண்ணைப் பாதி மூடுவார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததும் விவரம் தெரிந்த வீட்டார் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். விவரம் தெரியாத விருந்தாளி மட்டும் மாட்டிக்கொள்வார். அன்றைக்கு அவர் ரயில் ஏறினால் அதிசயம்.

வீட்டில் சாவி தொலைகிறதா? மற்றவர்கள் தேடுவார்கள். சுலப வழிக்காரர் தேட மாட்டார். சுவரில் ஒரு பலகை அடித்து, பன்னிரண்டு கொக்கி மாட்டி, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டி, எந்தச் சீட்டு எந்தக் கதவுக்கு என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பத்திரமாக ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டுவார். அந்தப் பெட்டியின் சாவி எங்கே என்று கேட்கிறீர்களா? அதைத்தான் அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பொதுவாகப் பேசினால் நம்ப மாட்டீர்கள். ஆகவே எனக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணத்தைச் சொல்கிறேன். என் அக்காவின் கணவர்.

அத்தானுக்கு ஒரு மருந்துக் கம்பெனியின் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. கூரை எட்டுகிற அலமாரிகள், அவற்றில் ஆயிரக்கணக்கான அட்டைப்பெட்டிகள், எந்தப் பெட்டி எந்த வரிசையில் எத்தனாவது தட்டில் இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அதில் ஒரு பிழை வந்ததில்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபிறகு தன் மூக்குக் கண்ணாடியைத் தேடுவார். அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ். நாள் முழுவதும் நின்றபடியே வேலை. கிறிஸ்துமஸ் வந்தால் மற்ற நர்சுகள் எல்லாம் லீவு எழுதிக் கொடுத்துவிடுவதால், அந்த மாதம் முழுக்க அக்காவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு விடுமுறை நாள். அந்த ஒரு நாளில்தான் வீட்டில் மரம் வைத்தாக வேண்டும்.

மரம் என்றால் பிளாஸ்டிக் மரம். மூன்றாம் மாடியில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம் இருவரும் சேர்ந்து ஆசையாக வாங்கியது. ஏழடி உயரம், எண்பத்து நான்கு கிளைகள். நடுத்தண்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கிளையையும் அதன் அடிமுனையிலிருக்கும் கொக்கியால் தண்டில் மாட்ட வேண்டும். எந்தக் கிளை எந்த அடுக்குக்கு என்று தெரிவதற்காகக் கொக்கியில் சாயம் தடவியிருந்தது: சிவப்பு அடியில், அடுத்தது நீலம், அதற்கு மேல் மஞ்சள், இப்படி. முதல் வருஷம் அக்காவும் நானும் ரேடியோவில் பாட்டுக் கேட்டபடி ஒன்றரை மணி நேரத்தில் மாட்டி முடித்தோம். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் நாங்கள் செய்த தவறு. அவரைச் சும்மா உட்கார விட்டிருக்கக் கூடாது.

"சிவப்பு, நீலம்னு இது என்ன சின்னப் புள்ளை விளையாட்டு," என்றார். "எண் போட்டா எவ்வளவு சுலபம்."

அந்த வருஷம் மரத்தைப் பிரித்தபோது கிடங்கிலிருந்து சீட்டுச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து, எண்பத்து நான்கு கிளைகளுக்கும் எண் ஒட்டினார். ஒட்டியதோடு விட்டாரா? ஒரே பொருளுக்கு இரண்டு அடையாளம் இருந்தால் குழப்பம் வரும் என்று, உப்புத்தாளால் கொக்கிகளைத் தேய்த்து, சிவப்பையும் நீலத்தையும் மஞ்சளையும் அடியோடு அழித்தார். மூன்று நாள் தேய்த்தார். பிறகு பெட்டியைப் பரணில் ஏற்றினார். பரணில் பதினொரு மாதம் வெயில் இறங்கியது. அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் கிளைகள் ஒரு பக்கம் இருந்தன, எண்கள் ஒரு பக்கம் இருந்தன. எண்பத்து நான்கு சீட்டுகளும் பசை உருகி உதிர்ந்து, பெட்டியின் அடியில் சமர்த்தாகக் குவிந்து கிடந்தன.

அக்காவின் ஒரே விடுமுறை நாள் அது. காலை ஒன்பது மணிக்குத் தரையில் உட்கார்ந்தவள், கிளைகளை ஒவ்வொன்றாக ஸ்கேல் வைத்து அளந்து, நீளவாரியாகப் பிரித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அப்படியும் மரம் சரியாக வரவில்லை. மேலே அகலம், நடுவில் ஒல்லி, கீழே மறுபடி அகலம். உடுக்கைக்குப் பச்சைச் சாயம் பூசி நிறுத்தியதுபோல் இருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவள் சத்தம் போடுகிற ஆள் இல்லை. ஊசி போடும்போதுகூடக் குழந்தைக்குத் தெரியாமல் போடுகிறவள்.

"அடுத்த வருஷம் எனக்கு இதே மாதிரி ஒரு லீவு வரும்," என்றாள் மெதுவாக. "அதுல அரை மணிதான் மரத்துக்கு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆச்சுன்னா, மறுநாள் காலையில மரம் என் வார்டுக்குப் போயிடும். புள்ளைங்களாவது பாத்துச் சந்தோஷப்படும்."

வேறொருவராக இருந்தால் பயந்திருப்பார். சுலப வழிக்காரருக்கு மிரட்டல் என்பது காய்ந்த செடிக்குத் தண்ணீர் மாதிரி. இரண்டடி பின்னால் போனார், தலையைச் சாய்த்தார். நான் செருப்பைத் தேடினேன். அதற்குள் என் தோளில் கை விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளை, நாம ஏன் மரத்தைப் பிரிக்கணும்?"

யோசித்துப் பார்த்தால் கேள்வியில் பிழை இல்லை. பிரிப்பதால்தானே மாட்ட வேண்டியிருக்கிறது? பந்துகள், மணிகள், சீரியல் லைட், உச்சி நட்சத்திரம், எல்லாம் இருந்த இடத்தில் இருக்கட்டும். மரத்தை அப்படியே நின்ற நிலையில் பிளாஸ்டிக் தாளால் சுற்றிவிட்டால், அடுத்த வருஷம் தாளை வெட்டி, பிளக்கைச் செருகினால் முடிந்தது. பண்டிகை முடிந்ததும், கிடங்கில் பெட்டிகளை அடுக்கி ஒன்றாகச் சுற்றுகிற ஒட்டும் தாள் சுருள் வந்தது. தச்சரிடம் சொல்லி நான்கு சக்கரம் வைத்த பலகை வந்தது. மரம் பலகையின் மேல் ஏறியது. அத்தான் தாளைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றத் தொடங்கினார். பதினைந்தாவது சுற்றில் அவருக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, நாம் ஏன் சுற்ற வேண்டும், மரம் சுற்றட்டுமே என்று பட்டது. நான் பலகையோடு மரத்தைச் சுழற்றினேன், அவர் நின்ற இடத்திலிருந்து தாளை விட்டுக்கொண்டே வந்தார். அருமையாக வந்தது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் என் இடது கையும் முழங்கை வரை உள்ளே இருந்தது.

"அசையாதே," என்றார் அத்தான். "உன் கையை எடுக்க ஒரு சுலபமான வழி இருக்கு."

அதை நான் விவரிக்கப் போவதில்லை. அந்தச் சட்டையை இப்போது தரை துடைக்க வைத்திருக்கிறோம்.

சுற்றி முடித்த மரம் பார்ப்பதற்கு நீளமாகப் போர்த்திக்கொண்டு நிற்கும் ஓர் ஆள் மாதிரி இருந்தது. முதலில் அதைப் படுக்கையறை மூலையில் நிறுத்தினார். கேஸ் அடுப்பைப் பழுது பார்க்க வந்தவர், போகிற போக்கில் அதற்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனார். ஒரு மத்தியானம் டியூட்டி முடிந்து வந்த அக்கா, அறைக்குள் போன வேகத்தில் திரும்பி வந்து, "யாருங்க உள்ள? வந்தவங்களுக்குக் குடிக்க ஏதாவது குடுத்தீங்களா?" என்றாள். விஷயம் அவளுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்து வெளியே கையைக் காட்டினாள். மரம் படுக்கையறையை விட்டுப் புறப்பட்டது.

மொட்டை மாடியில் எல்லோரும் தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைக்கும் ஓர் அறை இருந்தது. அதில் வைக்கக் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் அனுமதி வேண்டும். செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மரத்தை நான்கு பக்கமும் டேப் பிடித்து அளந்து, அறையை அளந்து, நடைபாதை விட்டு, தரையில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு, "இதைத் தாண்டக் கூடாது," என்று மரத்தைப் பார்த்தே எச்சரித்தார். மரம் தாண்டவில்லை. பதினொரு மாதம் அந்தச் சதுரத்துக்குள்ளேயே நின்றது.

அந்த நாள் வந்தது. அக்கா காலையில் துணி துவைத்து, சமைத்து, பாத்திரம் கழுவி, மத்தியானம் இரண்டு மணிக்கு சோபாவில் காலை நீட்டினாள்.

"மணி ரெண்டு. ரெண்டரைக்கு எழுப்புங்க," என்றாள். "கண்ணைத் திறந்தா மரம் நிக்கணும், லைட்டு எரியணும், தரையில ஒரு துரும்பு இருக்கக் கூடாது."

"அரை மணி எதுக்கு? பத்து நிமிஷம்," என்றார் அத்தான். கழுத்தில் நிறுத்துக் கடிகாரம் மாட்டியிருந்தார். சட்டைப் பையில், மரம் வர வேண்டிய பாதையின் வரைபடம்.

லிஃப்டில் மொட்டை மாடிக்குப் போனோம். அறையைத் திறந்து, மரத்தை ஒரு விரலால் தொட்டார். மரம் நகர்ந்தது. ஆமாம், ஒரு விரலால். சக்கரங்கள் சத்தமே இல்லாமல் உருண்டன. மரம் எங்களுக்கு முன்னால் ராஜநடை போட்டு லிஃப்ட் வாசல் வரை போய் நின்றது. அத்தானின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பதினொரு மாதம் சுமந்து பெற்றவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஒரு நிமிஷம் அம்பது செகண்டு," என்றார் கடிகாரத்தைப் பார்த்து.

மரம் லிஃப்டுக்குள் கச்சிதமாகப் போனது. அவ்வளவு கச்சிதமாகப் போனதால் நாங்கள் போக இடமில்லை.

"நாம எதுக்கு உள்ள?" என்றார் அத்தான், கொஞ்சமும் கலங்காமல். "மரம் லிஃப்டுல வரட்டும். நாம படியில இறங்கி மூணாம் மாடியில எதிர்கொள்வோம்."

தாளுக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து மூன்றாம் எண்ணை அழுத்தி, கையை இழுத்துக்கொண்டார். கதவு மூடியது. மரம் கிளம்பியது. நாங்கள் ஓடினோம்.

கட்டடத்துக்கு ஆறு மாடி, அதற்கு மேல் மொட்டை மாடி. ஆக, நான்கு மாடி இறங்க வேண்டும். அத்தானுக்கு ஐம்பத்து மூன்று வயது, வலது முட்டியில் வாயு. லிஃப்டுக்கு இந்தக் குறை எதுவும் இல்லை. நாங்கள் மூச்சிரைக்க மூன்றாம் மாடியில் திரும்பியபோது, திறந்திருந்த கதவு மூடிக்கொண்டிருந்தது. ஒரு விரல் இடைவெளியில் பச்சையாக ஏதோ தெரிந்து மறைந்தது. அவ்வளவுதான். கதவுக்கு மேலே இருந்த சிவப்பு எண் மாறத் தொடங்கியது: நான்கு. ஐந்து.

"யாரோ மேலேருந்து கூப்பிடுறாங்க. வா," என்று அத்தான் மறுபடி படியேறினார்.

ஐந்தாம் மாடியில் தையல்காரம்மா துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் இல்லை.

"மரத்தைப் பாத்தீங்களா?" என்றார் அத்தான்.

"மரமா? உள்ள யாரோ போர்த்திக்கிட்டு நின்னாங்க. உடம்பு சரியில்லாதவங்க போல. நீங்க போங்க, நான் அடுத்ததுல வரேன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்."

"எந்த மாடிக்கு?"

"அவங்க வாயே திறக்கலையே," என்றார் தையல்காரம்மா.

எண் இறங்கியது: நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. நாங்களும் இறங்கினோம். முதல் மாடியில் ஒரு பல் டாக்டர் தன் வீட்டு வாசலில் நின்று, லிஃப்ட் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் பொத்தானை அழுத்தியதும் கதவு திறந்ததாகவும், உள்ளே இடமில்லாததால் ஒதுங்கி வழி விட்டதாகவும், உள்ளே இருந்தவர் இறங்கவில்லை என்பதால் தரைத்தளத்துக்குத்தான் போகிறார் போலும் என்று தானே பொத்தானை அழுத்தி உதவியதாகவும் சொன்னார். நல்ல மனிதர். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் அன்றைக்குப் பெரிய பிரச்சினை.

இன்னும் ஒரே ஒரு மாடிதான். ஆனால் அத்தான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டார். கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினார். முப்பத்து நான்கு நிமிஷம் ஆகியிருந்தது.

"போச்சு," என்றார்.

நான் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

"எனக்கு இந்த மரம் பெரிசு இல்ல மாப்பிள்ளை. நேத்து உங்கக்கா செருப்பு மாட்டுறப்ப காலைப் பாத்தேன். வீங்கி, வார் உள்ள போகல. ஒத்தை நாள் லீவு. அதுலயாவது அவ தரையில குனியாம இருக்கட்டும்னுதான் நான் இவ்வளவும் பண்றேன். நான் என்ன பண்ணினாலும் கடைசியில அவதான் குனியுறா."

சுலப வழிக்காரர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான், அந்த மனிதர் யாருக்காகச் சுலபம் தேடுகிறார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறேனா? கை கொடுத்து எழுப்பினேன். அப்போதுதான் கீழேயிருந்து ஒரு பெரிய "ஆ" என்ற சத்தமும், தொடர்ந்து கைதட்டலும் கேட்டன.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். தரைத்தளக் கூடத்தின் நடுவில் மரம் நின்றுகொண்டிருந்தது. எண்பத்து நான்கு கிளையும் விரிந்து, எல்லாப் பந்தும் தொங்கி, உச்சியில் நட்சத்திரம் கொஞ்சம் சாய்ந்து, விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக விட்டு விட்டு எரிந்தன.

நடந்தது இதுதான். லிஃப்ட் கதவு திறந்ததும், எதிரே நின்றிருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வண்டியில் ஆள் நிரம்பியிருந்தால் முதலில் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் ரத்தத்தில் ஊறிய விஷயம். "வரட்டும் வரட்டும், கொஞ்சம் லெஃப்ட், ரைட், போலாம்," என்று சொல்லிச் சொல்லியே மரத்தைக் கூடத்தின் நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாட்ச்மேன் சாவியால் தாளைக் கிழித்தார். அடித்தண்டோடு அத்தான் ஒட்டி வைத்திருந்த பிளக்கை யாரோ எடுத்துச் சுவரில் செருகினார்கள். மொத்தம் ஏழு நிமிஷம். வரைபடம் இல்லை, கடிகாரம் இல்லை. உடனே எல்லோரும், இத்தனை நாளில் சங்கம் செய்த முதல் நல்ல காரியம் என்று, சத்தம் கேட்டு வந்த செயலாளரைச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள். சாக்பீஸால் சதுரம் போட்டு அந்த மரத்துக்கு இடம் ஒதுக்கிய அதே செயலாளர், அது யாருடைய மரம் என்று இம்மியளவும் சந்தேகம் இல்லாத செயலாளர், என்ன சொல்லியிருக்க வேண்டும்? கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "ஏதோ செய்யணும்னு தோணிச்சு," என்றார்.

எங்களைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. அத்தான் அவரைக் கவனிக்கவே இல்லை. மரத்தைத்தான் பார்த்தார். ஒரு பந்துகூட உடையவில்லை. அவருடைய வழி, வாழ்க்கையில் முதல் முறையாக, பலித்திருந்தது.

"இதைப் பிரிக்கவே இல்ல, தெரியுமா," என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆரம்பித்தார். "நின்ன வாக்குல அப்படியே சுத்தினது."

பல் டாக்டரும் தையல்காரம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அத்தான் தாளின் தடிமன், சக்கரத்தின் விட்டம், சுற்றின் எண்ணிக்கை எல்லாம் சொன்னார். சங்கத்து மரத்தை இவர்தான் சுற்றிக் கொடுத்தார் போலும் என்று எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள். அவர் பேச்சைப் பத்துப் பேர் நின்று கேட்டு நான் பார்த்தது அன்றுதான். பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்து, "இதை எப்படி மாப்பிள்ளை திரும்ப மேல கொண்டு போறது?" என்றார். சக்கரம் இருந்தது. லிஃப்ட் இருந்தது. ஆனால் கண்டக்டர் ஏற்கனவே நான்கு நாற்காலியைக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் போட்டு, அதில் ஒன்றில் உட்கார்ந்தும்விட்டார். அத்தான் அவரைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். "இருக்கட்டும்," என்றார்.

இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். மூன்றாம் மாடியில் போய்ச் சொல்ல வேண்டுமே?

அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, இரண்டு காலும் சோபாவின் கைப்பிடிமேல் இருந்தன. மரம் நிற்க வேண்டிய மூலை காலியாக இருந்தது. எழுப்பச் சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆகியிருந்தது. அத்தான் அவள் தோளைத் தொடக் கையைக் கொண்டுபோனார்; கொண்டுபோன கையை எடுத்துக்கொண்டார். மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டினார். பிறகு வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட இரண்டு பேர் மாதிரி நாங்கள் தரையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டோம். போன் அடித்தது, அத்தான் தவழ்ந்து போய் அதை நிறுத்தினார்.

அக்கா ஐந்து மணிக்குக் கண் திறந்தாள்.

"மணி என்ன?"

"அஞ்சு."

"ரெண்டரைக்கு எழுப்பச் சொன்னேனே."

"நல்லாத் தூங்கிட்டிருந்தே."

அவள் மூலையைப் பார்த்தாள். "மரம் எங்க?"

"கீழ இருக்கு."

"கீழன்னா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "வந்து பாரேன்," என்றார்.

லிஃப்டில் கீழே இறங்கினோம். கூடத்தில் இப்போது இருபது பேருக்குமேல் இருந்தார்கள். அக்கா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், வார்டில் படுக்கை படுக்கையாகப் பார்த்துப் போவது மாதிரி. தையல்காரம்மா ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். யாரோ கையில் தேநீர் கொடுத்தார்கள். அக்கா உட்கார்ந்தாள்.

"கீழ விழுந்ததை எல்லாம் நான் பெருக்கணுமா?"

"வாட்ச்மேன் பெருக்கிட்டார்," என்றார் அத்தான்.

"முடிஞ்சப்புறம் யார் எடுத்து வைக்கிறது?"

"அவங்களே எடுத்து வெச்சுக்குவாங்களாம்."

அக்கா ஒரு வாய் தேநீர் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். "மூணு மணி நேரம் தூங்கியிருக்கேன்," என்றாள், யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. "டிசம்பர்ல, பகல்ல." பிறகு அவர் பக்கம் திரும்பி, "உக்காருங்க, முட்டி வலிக்கும்," என்றாள். அத்தான் உட்கார்ந்தார்.

வார்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அக்கா சொன்ன வாக்கை விடுகிறவள் அல்ல. தேநீர் கோப்பையை வைத்துவிட்டு நேராகச் செயலாளரிடம் போனாள்.

"சார், இந்த மரம் நீங்க வாங்கினதுன்னு எல்லாரும் சொல்றாங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி, ஊசி போடுகிற அதே மென்மையான குரலில். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு. எங்க வார்டுல புள்ளைங்களுக்கு மரமே இல்ல சார்."

கூட்டம் கை தட்டியது. செயலாளர் சுற்றும் முற்றும் பார்த்தார். தப்பிக்க நில அளவையில் வழி இல்லை. "சின்னதா ஒண்ணு..." என்றார்.

"ஏழடி போதும் சார்," என்றாள் அக்கா.

மறுநாளே வாங்கிக் கொடுத்துவிட்டார். குழந்தைகள் அதற்குப் பெயர்கூட வைத்தார்கள் என்று கேள்வி.

ஜனவரியில் மரத்தை எடுத்து வைப்பதற்குக் கட்டடத்தார் ஒரு கூட்டம் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வேலை, நானும் போயிருந்தேன். குடை மாதிரி மடக்கிக் கட்டிவிடலாம் என்றார் ஒருவர். ஜிப் வைத்து ஓர் உறை தைத்துத் தருகிறேன் என்றார் தையல்காரம்மா. தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டால் இடம் மிச்சம் என்றார் கண்டக்டர். காற்றை உறிஞ்சி எடுத்தால் மரம் பாதியாகிவிடும் என்றார் பல் டாக்டர். மரத்தை வடக்கு, தெற்காகப் பிரித்து வரைபடம் தயாரிக்கத் துணைக்குழு அமைக்கலாம் என்றார் செயலாளர். ஒவ்வொருவரும் அடுத்தவர் வழியிலுள்ள சிக்கலைச் சொல்லிவிட்டுத் தன் வழியின் சுலபத்தைச் சொன்னார்கள். அத்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பேயைக் கண்டவர் மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கையைத் தூக்கினார்.

"கிளையைக் கழட்டிப் பெட்டியில போட்டா என்ன?" என்றார் பணிவாக.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள்.

நான் இதை எழுதுவது ஜூன் மாதத்தில். மரம் இன்னும் கீழேதான் நிற்கிறது. மாதம் ஒரு கூட்டம் நடக்கிறது. கூடத்துக்குள் வருகிறவர்கள் அதன்மேல் குடையை மாட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மனதைத் தொட்டு ஒன்று சொல்லுங்கள்: மரம் தனியாக லிஃப்டில் போனது என்று நான் எழுதிய இடத்தில், மூன்றாம் மாடியில் ஓர் ஆளை முன்கூட்டியே நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றவில்லை? அதற்கும் முன்னால், சீட்டு ஒட்டுவதற்குப் பதில் அடுக்கு வாரியாகத் தனித்தனிப் பையில் போட்டுக் கட்டியிருக்கலாம் என்று படவில்லை? போகட்டும், ஜூன் மாதம் வரை நிற்கிற மரத்தை எடுத்து வைக்க இந்த நிமிஷம் உங்களிடம் ஒரு யோசனை இருக்கிறது, இல்லையா? தயவுசெய்து அதை எனக்கு எழுதி அனுப்பாதீர்கள். அடுத்த கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, தரைத்தளக் கூடத்தில். உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கச் சொல்கிறேன்.